பார்த்துச் சொன்னவன்

உன் அப்பாவுக்குச் செய்தித்தாளை வானிலையிலிருந்துதான் வாசிக்க ஆரம்பிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி, மழை உண்டா இல்லையா. அதைக் கேட்டு முடித்த பிறகுதான் தலைப்புச் செய்திக்கே வருவார். கண் போன பிறகு இத்தனை வருடங்களும் நான்தான் வந்து வாசித்தேன். இந்த நாற்காலியில் நான், ஜன்னலோரம் அவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர மாட்டேன். அன்று என் பேரப்பிள்ளைகள் வருவார்கள்.

காலையில் அலமாரியைக் காலி செய்துகொண்டே நீ கேட்டாய், அப்பா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா சித்தப்பா என்று. நான் காது கேட்காதவன் போலத் தேநீர் போடப் போய்விட்டேன். அது மரியாதை இல்லைதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். உட்கார் அம்மா. சட்டைகளை அப்புறம் மடிக்கலாம்.

அவர் எப்படிப்பட்ட கேப்டன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீர்மூழ்கிப் படகுக்குள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. மாமியார். நாங்கள் ஒரு வால்வை மூடினால் பின்னாலேயே வந்து அதைத் தொட்டுப் பார்ப்பார். சமையல் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். அவருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஒரு முறை ஒலிபெருக்கியில், "மாமியார் தூங்கப் போறேன், மருமகள்கள் எல்லாம் ஒழுங்கா இருங்க" என்றார். படகு முழுக்கச் சிரித்தது. அந்த இரும்புக் குழாய்க்குள் அத்தனை பேர் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக்கொண்டு கிடக்கும்போது சிரிக்க வைக்கத் தெரிந்த மனிதர் கிடைப்பது பெரிய விஷயம்.

நான் அவருக்கு அடுத்த நிலை அதிகாரி. படகில் 'சார்', வீட்டில் 'அண்ணா'. நீ குழந்தையாக என் தோளில் உட்கார்ந்து என் காதைக் கடித்திருக்கிறாய்.

போரில், ஊரே பேசிய அந்தப் பயணத்துக்கு முன் இரண்டு முறை நாங்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தோம். எதிரிக் கப்பல் கிடைக்கவில்லை என்று இல்லை. ஒரு முறை கிடைத்தது. அது மருத்துவக் கப்பலாக இருக்குமோ என்று உன் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. விட்டுவிட்டார். துறைமுகத்தில் மற்ற படகுக்காரர்கள் எங்களைப் பார்த்து, "குளிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்பார்கள். என் மாமனார் சாப்பாட்டு மேஜையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், "மாப்பிள்ளை முங்கி முங்கி ஜலதோஷம் பிடிச்சதுதான் மிச்சம்" என்றார். என் மனைவி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நகைச்சுவையாகத்தான் சொன்னார். அதெல்லாம் ஒரு காரணமே இல்லை. படகில் எல்லோரும் எப்படிப்பட்ட மனநிலையில் போனோம் என்று உனக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு குழாய் விரிசல் விட்டு உப்புத்தண்ணீர் பேட்டரி அறைக்குள் இறங்கிவிட்டது. பேட்டரி அமிலமும் கடல்தண்ணீரும் சேர்ந்தால் குளோரின் புகை கிளம்பும். உள்ளே மின்பணியாளர் ஒருவர் மயங்கி விழுந்துகிடந்தார். நான் கதவை அடைக்கச் சொன்னேன். அதுதான் விதி. உன் அப்பா என்னைத் தள்ளிவிட்டு, ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய், அந்த ஆளின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மின்பணியாளர் முந்தாநாள் அடக்கத்துக்கு வந்திருந்தார். வழுக்கைத் தலை, கைத்தடி. உன்னைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அவர்தான்.

அவர் பிழைத்தார். உன் அப்பாவின் கண்கள் பிழைக்கவில்லை. மறுநாள் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. திறந்தாலும், ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார். ஆட்களிடம் கண்வலி என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"திரும்பிடலாம் தம்பி. பெரிஸ்கோப்புல பார்க்க முடியாதவன் கேப்டனே இல்ல."

"கண்ணுதானே சார்," என்றேன். "அதை நான் பார்த்துக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். என் தோளைத் தேடித் தட்டினார். இப்படித்தான் நாங்கள் திரும்பாமல் போனோம். யோசித்துப் பார்த்தால் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கு அவர்மேல் இருந்த பாசம் பொய்யில்லை.

கப்பல் ஒரு மாலை நேரத்தில் வந்தது. போருக்குப் பிறகு நடந்த விசாரணையில் நான் சொன்னது உனக்குத் தெரியும், செய்தித்தாளில் வந்ததுதான். மூடுபனி, மங்கல் வெளிச்சம், சாம்பல் நிறப் பெயிண்ட், பின்பக்கத்தில் ஒரு பீரங்கி. பெயிண்டும் பீரங்கியும் உண்மை. மற்ற இரண்டும் அவ்வளவு சரியில்லை. பனி காலையிலேயே விலகியிருந்தது. சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் தாழ்ந்திருந்ததால் வெயில் நேராக அந்தக் கப்பல்மேல் விழுந்தது. அப்படி ஒரு வெளிச்சம் கடலில் அடிக்கடி கிடைக்காது. நாங்கள் மிகவும் பக்கத்தில் இருந்தோம்.

உன் அப்பா என் பக்கத்தில் நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்க முடிந்தவர் போலத் தலையைப் பெரிஸ்கோப் பக்கம் சாய்த்திருந்தார். என்ன தெரிகிறது என்று கேட்டார். பெயிண்டைச் சொன்னேன், பீரங்கியைச் சொன்னேன். தளத்தில் யார் என்று கேட்டார்.

"பட்டாளம் சார். தளம் முழுக்கப் பட்டாளம்."

"பொம்பளைங்க, பிள்ளைங்க யாராவது? அவசரம் இல்ல. நல்லா பாரு தம்பி."

நான் நன்றாகப் பார்த்தேன். தளத்தில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள், அது உண்மை. கம்பி நெடுகிலும் துணி காயப் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் கைக்குழந்தைத் துணி. தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் பிள்ளைகள் கையில் குவளையோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற பையன் வரிசையை விட்டு நகராமல் பின்னால் திரும்பி யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியோடு கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள், உருண்டுவிடாமல் இருக்க. அவருக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி இன்னொரு சிறுமிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கட்டுவதற்கு நாடாவைத் தேடினாள். பட்டாள உடையில் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

"இல்ல சார்," என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. என் வார்த்தையை மறுபடி கேட்டுப் பழக்கமில்லை அவருக்கு. தூரமும் வேகமும் சொன்னேன், அவர் மனக்கணக்காகவே கோணத்தைச் சொன்னார், மூன்று டார்பிடோ போனது. மூன்றும் பட்டது.

கீழே ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சமையல்காரர் அழுதார். அவர்களைக் குறை சொல்லாதே. அவர்களுக்கு நான் சொன்னது மட்டும்தான் தெரியும். இரண்டு பயணம் தலை குனிந்து திரும்பியவர்கள்.

நான் அப்போது நினைத்தது என்ன என்று பிற்பாடு பல முறை யோசித்திருக்கிறேன். கப்பலில் இருப்பவர்கள் போய்ச் சேரும் இடத்தில் எதிரிக்கு வேலைக்கு ஆள் ஆவார்கள், ஆலைகளில் குண்டு செய்வார்கள், எனவே போர் நீளும், நம் பக்கம் சாவு கூடும். இது தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. பெரிய பெரிய ஆட்களே மேடையில் அப்படிப் பேசினார்கள். ஆனால் உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தபோது அந்தக் கணக்கு என் தலையில் இல்லை. உண்மையைச் சொன்னால் இவர் இதையும் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மூன்றாவது முறையும் அந்த மேஜையில் போய் உட்கார வேண்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஜலதோஷம் என்ற சொல்கூட ஞாபகம் வந்தது.

கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இருட்டும் முன்பே மூழ்கிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் மேலே வந்தோம். உன் அப்பா ஏணியைத் தடவித் தடவி மேல்தளத்துக்கு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். அவரால் எதையும் பார்க்க முடியாது, அது எனக்கு நிம்மதியாக இருந்தது. காதை நான் யோசிக்கவில்லை.

தண்ணீர் முழுக்கக் குரல். குளிர்ந்த தண்ணீர்மேல் குரல் வெகுதூரம் வரும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"இது பொம்பளைங்க குரல்."

"குளிர்ல ஆம்பளைக் குரலும் இப்படித்தான் சார் இருக்கும்," என்றேன்.

பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது, பிறகு நிறுத்திக்கொண்டது. அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, கீழே போய் வயர்லெஸ்காரனிடம் சொல் என்றார். இருக்கும் இடத்தைக் குறியீடு எதுவும் இல்லாமல் திறந்த மொழியில் அறிவிக்க வேண்டும். எந்த நாட்டுக் கப்பல் கேட்டாலும் சரி, வந்து இவர்களைத் தூக்கட்டும். நம் இடம் எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை.

நான் கீழே போனேன். வயர்லெஸ்காரரைக் 'காது' என்று கூப்பிடுவோம், நல்ல பையன். ஏதாவது அனுப்ப வேண்டுமா சார் என்று கேட்டான். மௌனம் காக்கும்படி கேப்டன் உத்தரவு என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு மேலே போய், "சொல்லியாச்சு சார்" என்றேன்.

இதற்கும் ஒரு நியாயம் உண்டு. எதிரிப் போர்க்கப்பல் வந்திருந்தால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் செத்திருப்பார்கள். விசாரணைக்கு வந்த ஒரு கடற்படைத் தலைவரே பொதுவாக அப்படித்தான் சொன்னார். ஆனால் மீட்க ஆள் வந்து, பிழைத்தவர்கள் கரையேறிப் பேசினால் கப்பலில் யார் இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. எது முதலில் தோன்றியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் திரும்பியபோது துறைமுகத்தில் வாத்தியம் வாசித்தார்கள். என் மாமனார் தெருமுனை வரை வந்து என் பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். என்னை வேறொரு படகுக்குக் கேப்டனாக்கினார்கள். எதிரி வானொலி அது அகதிக் கப்பல், ஆறாயிரம் பேருக்கு மேல் ஏற்றியிருந்தோம், சில நூறு பேர்தான் மிச்சம் என்று சொன்னது. நம் வானொலி அதைப் பொய்ப் பிரசாரம் என்றது. உன் அப்பா கண் மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டையும் கேட்டார். 'காது' அடுத்த பயணத்தில் வேறு படகோடு போய் வரவில்லை. நல்லவேளை என்று நான் நினைக்கவில்லை. அவன் அம்மாவைப் போய்ப் பார்த்து ஆறுதல் சொன்னேன்.

போர் முடிந்து இரண்டு நாடும் சேர்ந்து விசாரணை வைத்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அந்தப் போரில் ஒரே அடியில் அதிக உயிரைக் குடித்த படகு எங்கள் படகுதான் என்று எழுதினார்கள். பெரிஸ்கோப்பில் பார்த்தது யார் என்று கேட்டார்கள். உன் அப்பா எழுந்து நின்று, நான்தான் பார்த்தேன் என்றார். அடிக்கும்போது வெறும் கண்வலி, பார்வை பிற்பாடுதான் போனது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். எனக்கு அப்போது குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அது அவருக்குத் தெரியும். ஆனால் அதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கேப்டன் இருக்கிற படகில் யார் கண்ணால் பார்த்தாலும் பார்த்தது கேப்டன்தான் என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். அவருக்கு அப்படிச் சில பிடிவாதங்கள் இருந்தன.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் வாதாடினார். மீட்க வரும்படி அறிவிக்கச் சொன்னேன், அறிவித்தோம் என்றார். எந்த நாட்டு நிலையத்திலும் அப்படி ஒன்று கேட்டதாகப் பதிவில்லை என்றார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படி ஒரு உத்தரவு எனக்கு ஞாபகமில்லை என்றேன். மண்டபத்தில் யாரோ செருப்பை வீசினார்கள், அது அவர் தோளில் பட்டது. அவர் முகத்தைத் திருப்பிச் சத்தம் வந்த பக்கத்தைத் தேடவில்லை. நான் நின்ற பக்கமும் திரும்பவில்லை. பதவியைப் பறித்ததோடு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நீ கல்லூரியிலிருந்து நேராக வந்தாய். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இதே அறைதான். நான் கையில் தேநீரோடு அங்கே நின்றிருந்தேன்.

"நீங்க பார்த்தீங்களா அப்பா? அவ்வளவு பிள்ளைங்களையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றார்.

நீ துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். பெட்டி கனமாக இருந்தது. பஸ் நிலையம் வரை நான்தான் தூக்கி வந்தேன். என் தோளில் சாய்ந்து நீ அழுதாய், அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் சித்தப்பா என்று சொன்னாய். பார்த்துக்கொண்டேன். உன் அம்மா போன பிறகு அவருக்கு முகம் மழித்துவிட்டது நான். நகம் வெட்டியது நான். செய்தித்தாளில் அந்தக் கப்பலைப் பற்றி ஏதாவது வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டி வாசித்ததும் அவருக்காகத்தான்.

ஒன்றே ஒன்று மனதை உறுத்துகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி வந்தார். நடுவயது, தையல் வேலை செய்கிறவர், விரலில் ஊசி குத்திய தழும்புகள். அந்தக் கப்பலில் தாயோடு இருந்தவராம். வாசலில் நான்தான் நின்றேன். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீரில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா, "யாராவது சொல்லியிருப்பாங்க, வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். சொல்லிச் சொல்லித்தான் மகளை விடாமல் பிடிக்க வைத்திருக்கிறார். விடியும்போது அம்மாவின் குரல் நின்றுவிட்டது. கேப்டன் அறிவிக்கச் சொன்னதாக விசாரணையில் சொன்னாரே, யாரும் நம்பவில்லையே, அவர் வாயால் அதை ஒரு முறை கேட்க வேண்டும் என்றார். "அவர் சொன்னா நான் நம்பிடுவேன். எங்க அம்மா சொன்னது வீணாப் போகலன்னு இருக்கும்."

உன் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது, யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண்மணி கேட் கொண்டியைத் தானே சரியாகப் போட்டுவிட்டுப் போனார். உள்ளே வந்ததும் உன் அப்பா, யாரு தம்பி பொம்பளைக் குரல் என்று கேட்டார். விலாசம் மாறி வந்தவர் என்றேன். வானிலையிலிருந்து ஆரம்பித்தேன். அன்று அவர் தலைப்புச் செய்தி வரை கேட்கவில்லை, போதும் என்றுவிட்டார்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இனி நீ அவரை வெறுக்க வேண்டியதில்லை. அவர் பார்க்கவில்லை. அவர் அறிவிக்கத்தான் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம்தான். முன்பு சொல்லியிருந்தால் அவர் எனக்காகச் சொன்ன பொய் வீணாகியிருக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கடைசி நாள் மதியம் கஞ்சியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். என் கையைத் தேடிப் பிடித்தார். பிடி கெட்டியாகவே இருந்தது.

"தம்பி, அன்னைக்கு என்ன பார்த்தே?"

"அப்ப சொன்னதுதான் அண்ணா."

"அந்தக் குரல் கேட்டப்பவே எனக்குத் தெரியும். நீயாச் சொல்லுவேன்னுதான் இத்தனை வருஷம் உனக்குக் கதவைத் திறந்து விட்டேன். எங்கிட்ட வேண்டாம். அவகிட்டயாவது சொல்லிடு."

உன்னைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

என்ன அண்ணா பேசுகிறீர்கள், பட்டாளம்தானே என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு திரும்பவில்லை.

நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மருந்து மயக்கத்தில் ஏதோ பேசியிருக்கிறார். மற்றபடி கடைசி வரைக்கும் அவர் என் வார்த்தையை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.